600 ஓலைப்பெட்டிக்கு ஆர்டர்: பின்னுகிறவர்களுக்கு என்ன கொடுப்பது?

கேள்வி: நான் கோவையில் வடிவமைப்பு படித்தவள். ஒன்றரை ஆண்டாக உடன்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் பனை ஓலை பின்னும் 22 பெண்களோடு சேர்ந்து வேலை செய்கிறேன். நான் வரைந்து கொடுக்கும் வடிவத்தில் மூடி போட்ட பெட்டிகள் பின்னித் தருகிறார்கள். இதுவரை சென்னை, பெங்களூரு கண்காட்சிகளில் விற்றேன். இப்போது ஜெர்மனியில் ஒரு கடைக்காரர் 600 பெட்டி கேட்கிறார். நவம்பர் கடைசிக்குள் தூத்துக்குடியில் கப்பலேற வேண்டும் என்கிறார், அதாவது இன்றிலிருந்து மூன்று மாதம். பெண்களுக்கு ஒரு பெட்டிக்கு 110 ரூபாய் கொடுக்கிறேன். பின்ன மூன்று மணி நேரம் ஆகும் என்கிறார்கள். ஓலை, சாயம் அவர்கள் செலவு, அது 20 ரூபாய் வரும். கடைக்காரர் எனக்கு 450 ரூபாய் தருவார், அங்கே 25 யூரோவுக்கு விற்பார். 110 ரூபாய் நியாயமா? ‘ஃபேர் டிரேட்’ முத்திரை இருந்தால் நல்லது என்கிறார், அதை எப்படி வாங்குவது? இன்னொரு வருத்தமும் உண்டு. குழுவில் மூத்த அக்கா ஒருவர் என் மூடிப்பெட்டியை அதே அளவில் பின்னி திருச்செந்தூரில் ஒரு கடைக்குக் கொடுத்திருக்கிறார். கேட்டால், “பின்னுனது நான்தானம்மா” என்கிறார். அவரைக் குழுவை விட்டு விலக்கச் சொல்கிறார்கள் என் நண்பர்கள்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கூலி, முத்திரை, அக்கா என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மூன்றும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன. இந்த வியாபாரத்தில் ஏதாவது கெட்டுப்போனால் அந்த நஷ்டம் யார் தலையில் விழும்? கைவினைக் குழுக்களுக்கும் வெளிநாட்டுக் கடைகளுக்கும் நடுவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஒரு கூட்டு நியாயமாக நடக்கிறதா என்று என்னிடம் யாராவது கேட்டால், நான் முதலில் விசாரிப்பது இதைத்தான். மழையில் ஓலை கறுத்தால் யார் பணம் போகும், சாம்பிள் பிடிக்காமல் போனால் யார் உழைப்பு வீண், கடைக்காரர் ஆர்டரை ரத்து செய்தால் யார் வீட்டில் பெட்டிகள் அடுக்கிக் கிடக்கும்? இப்போது உங்கள் கூட்டில் மூன்றுக்கும் பதில் அந்தப் பெண்கள்தான். நீங்கள் வேண்டுமென்று அப்படி வைக்கவில்லை. பீஸ் கணக்கில் கூலி கொடுத்து, முன்பணம் இல்லாமல், பேச்சை மட்டும் நம்பி ஒரு வேலை நடந்தால் அது தானாகவே அப்படி வந்து நிற்கும்.

முதலில் தேதியைப் பேசிவிடுவோம், அதற்குத்தான் அவசரம். நவம்பருக்குள் 600 பெட்டி என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

காரணம் சொல்கிறேன். குருத்தோலையை வெட்டி, வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, கீற்றாகக் கிழித்துத்தான் பின்னல் தொடங்குகிறது. நல்ல வெயில் இருந்தால்தான் ஓலை வெளுத்து மிருதுவாக வரும். உங்கள் பகுதிக்கு மழை வருவதே ஐப்பசி கார்த்திகையில்தான். அந்த மாதங்களில் ஓலை அரைகுறையாகக் காயும், புள்ளி விழும், சாயம் சீராகப் பிடிக்காது. அதைவிட மோசம், பார்வைக்குக் காய்ந்ததாகத் தெரியும் பெட்டிக்குள் ஈரம் தங்கியிருக்கும். கன்டெய்னருக்குள் அது வாரக்கணக்கில் அடைந்து கிடக்கும். பகலில் சூடும் இரவில் குளிருமாக உள்ளே நீர்த்துளி கட்டும். ஜெர்மனியில் பிரித்துப் பார்த்தால் மூடிக்கு அடியில் பூஞ்சணம். அந்த ரிஜெக்டுக்குப் பணம் யார் கொடுப்பார்கள்? கடைக்காரர் கொடுக்கமாட்டார். உங்களிடம் அவ்வளவு கையிருப்பு இல்லையென்றால் நீங்களும் கொடுக்க முடியாது.

நடுவில் குலசேகரன்பட்டினத்துக் குலசை தசரா வேறு வருகிறது. உடன்குடி வட்டாரத்தில் இருந்துகொண்டு அந்த நாட்களில் வேலை நடக்கும் என்று எண்ணாதீர்கள். மாலை போட்ட வீடு, வேஷம் கட்டுகிற பிள்ளைகள், வந்து போகும் சொந்தபந்தம் என்று பெண்களுக்குக் கை ஓயாது. அது முடிந்தால் தீபாவளி, அதை ஒட்டி திருச்செந்தூரில் சூரசம்ஹாரம். இதையெல்லாம் இடைஞ்சலாகப் பார்க்காமல் உற்பத்தி அட்டவணையில் முதல் வரியாக எழுதுங்கள்.

கை எவ்வளவு இருக்கிறது என்றும் கணக்குப் போடுங்கள். 22 பேர் என்றாலும் ஏற்றுமதித் தரத்தில் மூடி பொருந்தும்படி பின்னுகிறவர்கள் எல்லாரும் இல்லை. ஒரு 12 பேர் என்று வையுங்கள். வீட்டுவேலை, ஆடுமாடு, பிள்ளை எல்லாம் போக நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் உட்கார முடிந்தால், மொத்தம் 36 மணி நேரம். ஒரு பெட்டிக்கு நான்கு மணி நேரம் ஆகிறது (ஏன் மூன்று இல்லை என்று கீழே சொல்கிறேன்). 600 பெட்டிக்கு 2,400 மணி நேரம். ஆக 67 நாள், ஒரு நாள்கூட விடாமல். பண்டிகையும் மழையும் கழித்தால் கிடைக்கும் நாட்களில் இது நடக்காது. நடத்தியே தீரவேண்டும் என்று பிடித்தால், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கண் வலிக்கப் பின்னுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் கீற்றுக் கிழிக்க உட்காரவைப்பார்கள். அப்புறம் எந்த முத்திரை ஒட்டியும் பயனில்லை.

கடைக்காரருக்கு இப்படி எழுதுங்கள்: கையில் காய்ந்த ஓலை இருக்கும் அளவுக்கு இப்போது 150 பெட்டி, மீதி 450 பெட்டி மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு பின்னி மார்ச் கடைசியில். அதையும் பதநீர்க் காலம் சூடுபிடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும். உங்கள் ஊர்க் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்தக் கருப்பட்டியை அடுப்படியில் நின்று காய்ச்சுவது பெரும்பாலும் இதே வீட்டுப் பெண்கள்தான். பனையேறுகிற குடும்பமாக இருந்தால் அந்த மாதங்களில் பின்னலுக்கு நேரம் கிடையாது. நல்ல கடைக்காரர் என்றால் இந்தக் காரணங்களைக் கேட்டு உங்கள்மேல் மதிப்புக் கூடத்தான் செய்யும். காரணத்தைக் கேட்கக்கூடப் பொறுமை இல்லாதவர் நாளைக்கு ரிஜெக்ட் விஷயத்திலும் அப்படித்தான் நடந்துகொள்வார்.

சரி, கூலிக்கு வருவோம். மூன்று மணி நேரம் என்று அவர்கள் சொன்னது பின்னலை மட்டும். ஓலை காயவைப்பது, புரட்டுவது, ஈர்க்கு எடுப்பது, ஒரே அகலத்தில் கிழிப்பது, சாயம் காய்ச்சி முக்குவது, கடைசியில் நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளை நறுக்கி ஓரம் கட்டுவது, இதற்கெல்லாம் ஒரு பெட்டிக்கு இன்னொரு மணி நேரமாவது வரும். யாரும் அதை வேலையாகச் சொல்லமாட்டார்கள். அடுப்பு வேலைக்கு நடுவில் செய்வதால் அவர்களுக்கே அது கணக்கில் வருவதில்லை. ஒரு நாள் முழுக்கக் கூட உட்கார்ந்து பாருங்கள். கைவேகம் அதிகமுள்ளவரை வைத்து நேரம் எடுக்காதீர்கள், நடுத்தர வேகத்தில் பின்னும் நாலைந்து பேருடைய நேரத்தை எடுத்துச் சராசரி போடுங்கள்.

110 ரூபாயில் ஓலை, சாயம் போக 90. நான்கு மணி நேரத்துக்கு 90 என்றால் மணிக்கு 22 ரூபாய் 50 காசு. எட்டு மணி நேர நாளுக்கு 180 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். ஆளுக்கு ஆள் கைக்கு வருவது அதைவிடக் குறையலாம், என்றாலும் அந்த எண் கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். உங்கள் பெட்டியை அவர்கள் மனதுக்குள் அதோடுதான் ஒப்பிடுகிறார்கள். வாயால் சொல்லமாட்டார்கள். மண் சுமக்கும் வேலைக்குக் கொடுக்கிறதில் பாதியைச் சற்றுத் தாண்டித்தான், சின்ன வயதிலிருந்து பழகிய கைத்திறனுக்கு நீங்கள் கொடுக்கிறீர்கள்.

336 ரூபாயையே அடிமட்டமாக வைத்துக்கொண்டால் மணிக்கு 42 ரூபாய். நான்கு மணி நேரத்துக்கு 168. ஓலை, சாயம் 20. அப்புறம், குழுவில் ஒருவர் பெட்டிகளைச் சேகரிக்கிறார், அளவு பார்க்கிறார், கணக்கு எழுதுகிறார், ஓலையை நனையாமல் வைக்க ஓர் அறை வேண்டும். இதற்கு ஒரு பெட்டிக்கு 22 ரூபாய் ஒதுக்கினால் மொத்தம் 210. இது தாராளம் என்று யாரும் சொல்ல முடியாது, இதற்குக் கீழே போகக்கூடாது என்ற கோடு, அவ்வளவுதான். அதற்கு மேலே எவ்வளவு என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

ஓலைக்கு 20 ரூபாய் என்பதையும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். மரமேறிக் குருத்து வெட்டித் தருகிறவர் ஒருவர் இருக்கிறார். பனையேற ஆளே குறைந்துவரும் காலம் இது. அவருக்குக் கட்டுப்படியாகாத விலையில் ஓலை வாங்கினால் இரண்டு மூன்று ஆண்டில் ஓலையே வராது. ஒரே மரத்தில் அடிக்கடி குருத்து வெட்டினால் மரமும் நலியும். ஆர்டர் பெருகும்போது எந்தத் தோப்பில், எத்தனை மரத்தில், எவ்வளவு இடைவெளி விட்டு வெட்டுவது என்பதை அவரைக் கேட்டுத்தான் நீங்கள் கடைக்காரருக்கு எண்ணிக்கை சொல்லவேண்டும்.

210 கொடுத்தால் உங்களுக்கு மிஞ்சுவது 340இலிருந்து 240 ஆகிவிடும். அதற்குள் பேக்கிங், தூத்துக்குடிக்கு வண்டி, ஏற்றுமதித் தாள்கள், உங்கள் பயணம், உங்கள் வடிவமைப்புக் கூலி எல்லாம் அடங்கவேண்டும். உங்கள் உழைப்புக்கும் கூலி வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. சும்மா வேலை செய்கிற வடிவமைப்பாளர் இரண்டு ஆண்டில் சோர்ந்து போய்விடுவார், குழு நடுத்தெருவில் நிற்கும். கூடுதலாக வேண்டிய 100 ரூபாயைக் கடைக்காரரிடம் கேளுங்கள். அது ஒரு யூரோ வாக்கில் வரும். 25 யூரோ பெட்டியில் ஒரு யூரோ.

இதைக் கேட்கும் விதம் முக்கியம். 450ஐ 550 ஆக்குங்கள் என்று மொட்டையாகச் சொன்னால், கடை வழக்கப்படி அவர் வாங்கிய விலையை இரண்டாலோ அதற்கு மேலோ பெருக்குவார், 25 யூரோ 27 யூரோவோ அதற்கு மேலோ ஆகிவிடும், விற்காது என்பார். அதனால் இன்வாய்ஸில் கூலியைத் தனி வரியாகக் காட்டுங்கள். “இந்தக் கூலி உயர்வின்மேல் நானும் லாபம் வைக்கவில்லை, நீங்களும் வைக்கவேண்டாம்” என்று எழுதுங்கள். அப்போது கடையில் பெட்டி 26 யூரோ, கூலி ஏறத்தாழ இரு மடங்கு. நிஜமாகவே அக்கறையுள்ள கடைக்காரர்கள் இதற்கு ஒப்புக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இதே விலைத்தாளைத் தமிழில் எழுதிக் குழுவிடமும் காட்டுங்கள். 450 என்ற எண்ணை அவர்கள் வேறு யார் வழியாகவாவது தெரிந்துகொள்வதைவிட உங்களிடமிருந்து தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது முன்பணம். உலக நியாய வணிக அமைப்பு (வேர்ல்டு ஃபேர் டிரேட் ஆர்கனைசேஷன்) 1989இல் தொடங்கியது, அதற்குப் பத்துக் கோட்பாடுகள் உண்டு. அதில் பணம் கொடுப்பது பற்றிய ஒன்றை நான் எப்போதும் முதலில் எடுத்துச் சொல்வேன். கைவினைப் பொருள் செய்கிறவர்கள் கேட்டால் ஆர்டர் மதிப்பில் குறைந்தது பாதியை வட்டியில்லா முன்பணமாகக் கொடுக்கவேண்டும். இதற்கு நீங்கள் உறுப்பினராகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 600 பெட்டிக்கு 210 வீதம் 1,26,000 ரூபாய், அதில் பாதி 63,000. இந்தப் பணம் வேலை தொடங்கும் அன்றே குழுவின் வங்கிக் கணக்கில் இருக்கவேண்டும். கடைக்காரரிடம் 50 சதவீத அட்வான்ஸ் கேளுங்கள். தரமாட்டார் என்றால், உங்கள் கைக்காசில் பாதி முன்பணம் தர முடிகிற எண்ணிக்கைக்கு மட்டும் ஆர்டர் எடுங்கள். முன்பணம் இல்லாத கிராமத்தில் ஓலை வாங்க வட்டிக்குத்தான் கடன் வாங்குவார்கள், நீங்கள் உயர்த்தித் தந்த கூலி அந்த வட்டிக்கே போய்விடும்.

மீதிப் பணம் பெட்டியை ஒப்படைத்த நாளில். ஜெர்மனிக்காரர் 60 நாள் கழித்துத்தான் தருவார் என்றால் அந்த 60 நாளை நீங்கள் தாங்கவேண்டும், அவர்கள் அல்ல. ஏற்றுமதி ஆர்டரைக் காட்டி வங்கியில் முன்கடன் பெற வழி உண்டு, உங்கள் வங்கியில் கேளுங்கள். சிறு தொழில்களைப் பதிவு செய்யும் அரசின் உத்யம் இணையதளத்தில் குழுவைப் பதிவு செய்ய நீங்களே உதவுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்தச் சட்டம் உங்கள்மேலேயே பாயக்கூடும் என்று தெரிந்தும் நீங்கள் பதிவு செய்து கொடுத்தால், அவர்களுக்கு உங்கள்மேல் வரும் நம்பிக்கை வேறு மாதிரி இருக்கும்.

சாம்பிள் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, அதனால் அதற்குத் தனியாகப் பணம் கொடுப்பதில்லை என்று ஊகிக்கிறேன். புது வடிவத்தை முதல் தடவை பின்னும்போது அவிழ்த்து அவிழ்த்துப் பின்னவேண்டியிருக்கும். வழக்கமான நேரத்தைப்போல் இரண்டு, மூன்று மடங்குகூட ஆகும். அதற்கு பீஸ் கணக்கு சரிப்படாது, நாள் கூலி கொடுங்கள். சாம்பிள் உங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கொடுங்கள். கடைக்காரர் ஒப்புக்கொண்ட பிறகு ஒரே மாதிரி இரண்டு பெட்டி செய்து, ஒன்றைக் குழுவிடம், ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அளவைச் சென்டிமீட்டரில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். எத்தனை கீற்று, கீற்று எவ்வளவு அகலம் என்று சொல்லுங்கள், பின்னலில் அளவைத் தீர்மானிப்பது அதுதான். உயரத்துக்கு ஒரு குச்சியில் கோடு போட்டுக் கொடுங்கள். வாய் வட்டமாக வர ஒரு மரக்கட்டை அச்சு செய்து ஆளுக்கொன்று கொடுங்கள், அந்தச் செலவும் உங்களுடையது.

ரிஜெக்ட் விஷயத்தில் விதியை முன்பே எழுதிவிடுங்கள். முதல் 50 பெட்டி முடிந்ததும் போய்ப் பாருங்கள், 600ம் முடிந்தபின் பார்த்து 80 பெட்டியைத் தள்ளுவது கொடுமை. பின்னலில் பிசகு என்றால் திருத்த வாய்ப்புக் கொடுங்கள். உங்கள் வரைபடத்தாலோ ஈரத்தாலோ சாயத்தாலோ வந்த குறை என்றால் முழுக்கூலி கொடுங்கள். ஓலை ஒரு செடிப்பொருள், இரண்டு கீற்று ஒரே நிறத்தில் இருக்காது. எவ்வளவு வித்தியாசம்வரை ஏற்கலாம் என்று கடைக்காரரிடம் படம் அனுப்பி முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். ஒரு குழுவில், ஏற்றுமதியாளர் ஒருவர் ‘நிறம் சீராக இல்லை’ என்ற ஒரே வரியில் பாதிச் சரக்கைத் திருப்பிவிட்டார். முன்பணமும் கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது. அந்தப் பெண்களில் பலர் அதற்குப் பிறகு ஓலையைத் தொடவே இல்லை. அந்த ஊரில் அந்தக் கைத்தொழில் அப்படித்தான் பாதியாகக் குறைந்தது.

முத்திரைக்கு வருகிறேன். கறுப்புப் பின்னணியில் நீலமும் பச்சையும் சேர்ந்த அந்தப் புகழ்பெற்ற ‘ஃபேர்டிரேட்’ முத்திரை பெரும்பாலும் காபி, தேயிலை, கோகோ, வாழைப்பழம், பருத்தி போன்ற விளைபொருளுக்கானது. ஓலைப்பெட்டிக்கு அது கிடைக்காது. கைவினைப் பொருளுக்கு வழி வேறு: மேலே சொன்ன உலக நியாய வணிக அமைப்பு, தனித்தனிப் பொருளைப் பார்க்காமல் நிறுவனத்தின் நடைமுறை முழுவதையும் ஆய்வு செய்து உத்தரவாதம் தருகிறது. இந்தியாவில் ஃபேர் டிரேட் ஃபோரம் இந்தியா என்ற கூட்டமைப்பு இருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம். ஆனால் கட்டணம், தணிக்கை, ஆவணம் என்று உங்கள் அளவுக்கு இப்போது அது சுமை. இரண்டு ஆண்டு கணக்கை ஒழுங்காக எழுதி வைத்துவிட்டுப் போங்கள். அதுவரை அட்டையில் ‘ஃபேர் டிரேட்’ என்று நீங்களாக அச்சிடாதீர்கள். பின்ன எத்தனை மணி நேரம், கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று மூன்று வரி அச்சிடுங்கள். முத்திரையைவிட அதைப் படிக்கிறவர்கள் அதிகம் நம்புவார்கள் என்பது என் அனுபவம்.

இந்த இயக்கம் முத்திரையோடு பிறக்கவும் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த எட்னா ரூத் பைலர் 1946இல் பியூர்ட்டோ ரிக்கோ போனபோது அங்கே பெண்கள் போட்ட பூவேலைத் துணிகளைப் பார்த்து, வாங்கிக்கொண்டு வந்து தன் ஊர்ப் பெண்களிடம் விற்கத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து டென் தௌசண்ட் வில்லேஜஸ் என்ற கடை வரிசையானது. தொடர்ந்து வாங்குவதுதான் அதில் பெரிய விஷயம். ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பிறகு பெண்கள் பின்னிய கூடைகளை ககாயா லிங்க்ஸ் நிறுவனத்தின் வழியாக அமெரிக்காவின் மேசிஸ் கடைகள் 2005 முதல் விற்றன. அந்த வேலை பேசப்பட்டதற்குக் காரணம் ஒரே ஆர்டரோடு நின்றுவிடாமல் அது ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. உங்கள் ஜெர்மனிக்காரரிடம் முத்திரையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அடுத்த ஆண்டும் வாங்குவீர்களா, எவ்வளவு வாங்குவீர்கள் என்று கேளுங்கள்.

இனி அந்த அக்கா. உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ராத்திரி முழித்து வரைந்த வடிவம், அதை வேறு கடையில் பார்க்கும்போது வலிக்கும். ஆனாலும் அவரை விலக்காதீர்கள்.

சட்டப்படி பார்த்தாலும் உங்கள் கை பலமில்லை. 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் ஒரு வடிவத்தைப் பதிந்தால் 10 ஆண்டு, பிறகு இன்னும் 5 ஆண்டு பாதுகாப்பு உண்டு. ஆனால் பதியும்போது அது புதியதாக, முன்பு வெளியில் வராததாக இருக்கவேண்டும். ஓராண்டுக்கு மேல் கண்காட்சியில் விற்ற பெட்டிக்கு இனி அது பொருந்தாது. அதைவிட, பெட்டியில் எது உங்களுடையது என்று நேர்மையாகப் பிரித்துப் பாருங்கள். உயரமும் வாய் அகலமும் இரண்டு நிறச் சேர்க்கையும் உங்களுடையவை. அந்தக் கட்டம் போட்ட பின்னலும், மூடி வழுக்காமல் உட்காரும்படி ஓரத்தை மடக்கும் விதமும், எந்த ஓலை எந்த வளைவுக்குத் தாங்கும் என்ற அறிவும் அவருடையவை, அவர் அம்மாவுடையவை.

2025 ஜூனில் மிலன் நகரில் பிராடா நிறுவனம் கோலாப்பூரி செருப்பு மாதிரியே ஒன்றை மேடையேற்றியபோது நாம் எல்லாரும் கொதித்தோம். கோலாப்பூரிக்கு 2019இலேயே புவிசார் குறியீடு இருந்தும், அந்தக் குறியீடு பெயரைத்தான் காக்கும், வடிவத்தை எடுத்துக்கொள்வதைத் தடுக்காது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான், இந்தியக் கைவினைச் செருப்பிலிருந்து எடுத்தது என்று அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அக்காவிடமிருந்து பின்னலை எடுத்து நாம் பெட்டி செய்யும்போது அதற்குப் பெயர் வடிவமைப்பு. நம்மிடமிருந்து அளவை எடுத்து அவர் பெட்டி செய்தால் மட்டும் அதற்குப் பெயர் திருட்டா?

அவர் ஏன் திருச்செந்தூர் கடைக்குக் கொடுத்தார் என்று கேட்டீர்களா? கண்காட்சி இல்லாத மாதங்களில் உங்களிடமிருந்து ஆர்டரே போயிருக்காது. அந்தக் கடை பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு அன்றைக்கே காசு கொடுத்திருக்கும். மாதா மாதம் இவ்வளவு வாங்குகிறேன் என்ற உறுதி தராமல், வேறு யாருக்கும் பின்னாதே என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

அவரோடும் குழுவோடும் உட்கார்ந்து இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு வரலாம். ஏற்றுமதிக்குப் போகும் வடிவத்தை, அதே நிறத்தில், இரண்டு ஆண்டுக்கு வேறு ஏற்றுமதியாளருக்குக் கொடுப்பதில்லை. பதிலுக்கு நீங்கள் ஆண்டுக்குக் குறைந்தது இத்தனை பெட்டி வாங்குவதாக எழுதிக் கொடுக்கிறீர்கள், வாங்காவிட்டால் அந்தக் கட்டுப்பாடு அன்றோடு தீர்ந்தது. உள்ளூர்க் கடைக்கும் சந்தைக்கும் அவர்கள் எதை வேண்டுமானாலும் பின்னி விற்கலாம். ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி, கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டி, கேள்வி கேட்க ஒரு வாரம் விட்டு, அப்புறம் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரதி அவர்களிடம் இருக்கவேண்டும்.

எனக்கு இந்தக் கடிதத்தில் மிகவும் பிடித்தவரே அந்த அக்காதான். கேட்காமலே ஒரு சந்தையைக் கண்டுபிடித்தார், விலை பேசினார், விற்றார். குழுவில் இதைச் செய்யக்கூடியவர் எத்தனை பேர்? குஜராத்தின் கட்ச் பகுதியில் ஜூடி ஃப்ரேட்டர் 2005இல் கலா ரக்ஷா வித்யாலயா என்று ஒரு பள்ளி தொடங்கினார். நெசவு செய்கிறவர்களுக்கும் பூவேலை செய்கிறவர்களுக்கும் வடிவமைப்பே சொல்லிக்கொடுத்தார்கள், அவர்கள் வேலை கெடாதபடி விட்டுவிட்டுக் குறுகிய வகுப்புகளாக. நகரத்திலிருந்து ஒருவர் வரைந்து கொடுக்க, ஊரில் இருப்பவர் செய்து கொடுக்க என்று பிரித்து வைத்ததால்தான் கூலியும் கீழே இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அடுத்த பெட்டியை அந்த அக்காவும் நீங்களும் சேர்ந்து வரையுங்கள். விற்கும் ஒவ்வொன்றிலும் வடிவமைப்புக் கூலியைப் பாதிப்பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சம்மதித்தால் அட்டையில் உங்கள் பெயரோடு அவர் பெயரும் இருக்கட்டும். படம் போடுவதென்றாலும் கேட்டுவிட்டுப் போடுங்கள், ‘ஏழைப் பெண்ணுக்கு உதவுங்கள்’ என்ற தொனி எந்த வரியிலும் வேண்டாம். அவர்கள் விற்பது நல்ல பெட்டி.

சில சில்லறை வேலைகளும் உண்டு. மத்திய ஜவுளி அமைச்சகம் கைவினைஞர்களுக்குத் தரும் பெஹ்சான் அட்டை 22 பேருக்கும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாதவர்களுக்கு விண்ணப்பியுங்கள். ஏற்றுமதிக்கு உங்கள் பெயரில் ஐ.இ.சி. எண் (இறக்குமதி, ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு அரசு தரும் எண்) வேண்டும். செடிப்பொருள் என்பதால் புகையூட்டல், தாவரநலச் சான்று எது தேவை என்று ஜெர்மனிக்காரரிடம் முன்பே கேட்டு வாங்கி, அந்தச் செலவை விலையில் சேருங்கள். பெட்டிகளை பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டாதீர்கள். காகிதத்தில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றை உள்ளே போடுங்கள்.

இந்த வாரம் செய்யவேண்டியது இரண்டு. கடைக்காரருக்குப் புதுத் தேதி, தனி வரியில் கூலி, பாதி முன்பணம் மூன்றையும் கேட்டு எழுதுங்கள். அவர் பதில் வருவதற்குள் உடன்குடி போய் ஒரு நாள் நேரக்கணக்கு எடுங்கள். நான் நான்கு மணி நேரம் என்று வைத்த கணக்கு உங்கள் பெட்டிக்கு மாறலாம், மாறினால் 210ம் மாறும். இரண்டும் கையில் வந்ததும் விலைத்தாளை எனக்கு அனுப்புங்கள், வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன்.